சேனை வைக்க ஒரு விரல்

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை 5.40. சமையலறையின் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

முப்பத்திரண்டு வருடம் தீயணைப்பு நிலையத்தில் தினசரிப் பதிவேடு எழுதிய கை இது. ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது நேரம் போட்டு எழுதாவிட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிப்பதில்லை. அதற்காகத்தான் இந்த நோட்டு. சொந்தக் கதை, சோகக் கதை எதுவும் இதில் இருக்காது. நடந்தது மட்டும் இருக்கும்.

நடந்தது: என் மனைவி உலகம்மாள் முந்தாநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. விரல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. ஆறு வாரத்துக்கு அந்தக் கையால் ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் குழல்வாய்மொழி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மே பதினாலாம் தேதி என்று கணக்கு. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. ஆக, தென்காசியில் இந்த வீட்டில் அடுப்படியில் நிற்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

சாம்பார் வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் நன்றாக இருந்தது என்றுதான் பொருள்.

மாலை 6.15. வள்ளியூரிலிருந்து சம்பந்தியம்மா பகவதியம்மாள் போன் செய்தார். மகளோடு பேச்சு சேனையைப் பற்றிப் போனது. பிறந்த பிள்ளையின் உதட்டில் முதன்முதலாக ஒரு துளி சீனித்தண்ணீரைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்பார்கள். வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. எனக்கு வைத்தவர் என் தாய்மாமன் சுடலைமுத்து. கைகாட்டியும் நிற்காமல் போன பஸ்ஸை அடுத்த ஊர் வரை சைக்கிளில் துரத்திப் போய், டிரைவரைத் திட்டிவிட்டு, வந்த வேலையை மறந்து வீட்டுக்குத் திரும்பியவர். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. சத்தம்தான் கொஞ்சம் கூட வரும்.

மகள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். "சீனித்தண்ணியெல்லாம் குடுக்கவே கூடாது. தாய்ப்பால் ஒரு சொட்டு, விரல்ல தொட்டு உதட்டுல வச்சா போதும். வைக்கிறவங்க கை சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்" என்று சட்டம் போட்டுவிட்டாள்.

யார் வைப்பது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதெல்லாம் சுத்த மூடநம்பிக்கை. நகம் வெட்டிக்கொண்டேன்.

நிலைமை கட்டுக்குள் இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

காலை 7.00. மகள் மோர் மிளகாய் கேட்டாள். மசக்கைக் காலத்தில்கூட எதுவும் கேட்காத பிள்ளை. "அம்மா போடுத மோர் மிளகா மாதிரி வேணும்ப்பா, தயிர்சோத்துக்கு" என்றாள். பத்து மாதத்தில் கேட்டது இது ஒன்றுதான். இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன அப்பன்?

8.10. சந்தை. காரம் கம்மியான குண்டு மிளகாயாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கி வரச் சொல்லியிருந்தாள் உலகம்மாள். "காரம் இருக்காய்யா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "கம்மிதான் அண்ணாச்சி" என்றார். காரம் இல்லாத மிளகாயை வாங்குவதற்குப் பதில் நான் வெண்டைக்காய் வாங்கிவிட்டுப் போவேன். இருப்பதிலேயே காரமானதில் இரண்டு கிலோ போடச் சொன்னேன்.

9.00. மிளகாயைக் கழுவித் துடைத்தேன். ஒவ்வொன்றையும் நுனியில் கீறி, ஊசியால் இரண்டு குத்துக் குத்தி, உப்புப் போட்ட தயிரில் ஊறப்போட வேண்டும். உலகம்மாள் கட்டிலில் உட்கார்ந்தபடி மேற்பார்வை.

"கையில நல்லெண்ணெயத் தேச்சிக்கிட்டு உக்காருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எரியும்."

"ஏளா, இது முப்பத்திரண்டு வருசம் தீயில நின்ன கை. பஞ்சாலை எரிஞ்சப்போ உள்ள போயிட்டு வந்தவன் நான். மிளகாய்க்குப் பயப்படுவனா?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.

9.00 முதல் 12.20 வரை. இரண்டு கிலோ. ஒன்று விடாமல் கீறிக் குத்தி முடித்தேன். கையில் ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா?" என்றேன். "பாக்கேன்" என்றாள்.

12.40. ஆரம்பித்தது.

12.42. குழாயைத் திறந்து கையை நீட்டினேன். தண்ணீர் போகப் போக எரிச்சல் விரலிலிருந்து உள்ளங்கைக்கும், உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் நடந்து போனது.

12.50. வியர்வையைத் துடைத்தேன். இடது கண்.

12.51. இடது கண்ணைக் கழுவ முயன்றதில் வலது கண்.

1.05. கழிப்பறை சென்றேன். இதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

1.05 முதல் 2.30 வரை. குளியலறையில் இருந்தேன். கதவைத் தட்டிய மகளிடம் குளிக்கிறேன் என்று சொன்னேன். அது உண்மைதான்.

இரவுச் சாப்பாடு. உலகம்மாள் இடது கையால் கரண்டி பிடித்துத் தடுமாறுகிறாள். சகிக்கவில்லை. தயிர்சோற்றை என் கையாலேயே பிசைந்து ஐந்தாறு உருண்டை ஊட்டிவிட்டேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். வெயில் காலம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பேனா பிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

நேற்று நடந்தது:

காலையில் சோப்பு. ஏழு முறை. எரிச்சல் குறையவில்லை, சோப்புத்தான் குறைந்தது.

பிறகு புளி. எதிர்வீட்டுக்காரர் சொன்னார். புளியைக் கரைத்துக் கையை முக்கினேன். கீறல் பட்ட இடமெல்லாம் புதிதாகக் காந்தியது. எதிர்வீட்டுக்காரருக்கும் எனக்கும் இனிப் பேச்சு இல்லை.

பிறகு கல்லுப்பு. இது யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தது. ஆகவே யார் மீதும் குறை சொல்ல இயலவில்லை.

பிறகு ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே இருக்கும் வரை சொர்க்கம். ஆனால் எத்தனை நேரம்தான் ஒரு மனிதன் ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது? தண்ணீர் எடுக்க வந்த மகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"எண்ணெயத் தேச்சி ஊறவச்சு, அப்புறமா சோப்புப் போடுங்க" என்று உலகம்மாள் காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். தண்ணீரில் போகாதது எண்ணெயில் போகுமாம். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றச் சொல்கிறாள், அதுவும் ஒரு தீயணைப்பு அதிகாரியிடம்! ஒரு சத்தம் போட்டேன். தெருவில் போன ஐஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னட்டி சிரிப்பு?"

"எப்பா, நான் ஆறாப்பு படிக்கும்போது தீத்தொண்டு வாரத்துக்கு எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தியல்லா? மைதானத்துல வாணலியில எண்ணெயக் கொதிக்கவச்சு, தீப்பத்தினதும் ஒரு கரண்டி தண்ணிய ஊத்துனிய. தீ பனைமர ஒசரத்துக்கு எந்திரிச்சிது. ஒரு டீச்சர் மயங்கி விழுந்தாவ. அப்ப என்ன சொன்னிய?"

நான் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

"'எண்ணெய்ச் சமாச்சாரத்துல தண்ணிய ஊத்தாதீங்க, பரவும். எத்தனை தடவ சொன்னாலும் நம்ம சனங்களுக்கு மண்டையில ஏறாது'ன்னு சொன்னிய. மிளகாக் காரமும் எண்ணெய்ச் சமாச்சாரந்தாம்ப்பா. தண்ணியில கரையாது. நீங்க ரெண்டு நாளா அதத் தண்ணி ஊத்திப் பரப்பிக்கிட்டு இருக்கிய."

இருநூற்றுப் பத்துப் பள்ளிக்கூடங்களில் நான் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன்.

4.30. யாரும் பார்க்காத நேரத்தில் நல்லெண்ணெயை இரண்டு கையிலும் தேய்த்து, நகக்கண்ணிலெல்லாம் ஏற்றி, கால் மணி நேரம் ஊறவைத்து, அரிசிமாவு போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டாம் முறை. மூன்றாம் முறை. முக்கால்வாசி எரிச்சல் போய்விட்டது.

உலகம்மாளிடம் சொல்லவில்லை. எண்ணெய்ப் பாத்திரம் இடம் மாறியிருந்ததை அவள் பார்த்தாள். அவளும் சொல்லவில்லை.

மே 1, வியாழன்

காலை 6.10. கைப் பரிசோதனை. ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பது. லேசான சுருக். இதைத் தினமும் பதிவு செய்வதாக உத்தேசம். காரணம் எதுவும் இல்லை.

மிளகாயைத் தயிரிலிருந்து எடுத்து மொட்டைமாடியில் பாயில் காயப்போட்டேன். பகலில் காய்ந்து, சாயங்காலம் அதே மோரில் ஊறி, மறுநாள் மீண்டும் காய வேண்டும். ஒரு வாரம் ஆகும். கரண்டியால்தான் எடுத்தேன்.

11.30. மகள் மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவா? வேண்டாங்க. அப்பா நல்லவியதான். ஆனா அந்தக் கோவம் புள்ளைக்கு வந்துட்டுன்னா என்னால மல்லுக்கட்ட முடியாது. அத்தையே வைக்கட்டும். அத்த அதிர்ந்து பேச மாட்டாவல்லா."

நியாயமான பேச்சு. பகவதியம்மாள் நல்ல குணவதி. மேலும் இது மூடநம்பிக்கை. எனக்கு ஒன்றுமில்லை.

1.00 முதல் 3.30 வரை. மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டியைக் கழுவினேன். பிறகு மாடிப்படியைக் கழுவினேன். பிறகு மோட்டார் சைக்கிளைக் கழுவினேன். உலகம்மாள் படிக்கட்டில் வந்து நின்று, "வெயில் மண்டையப் பொளக்குது. என்ன ஆச்சு ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தொட்டி அழுக்காக் கெடந்துச்சு."

"போன மாசந்தான கழுவுனிய?"

வண்டி மேல் இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். சத்தம் போடவில்லை. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

மே 2, வெள்ளி

கைப் பரிசோதனை: மிக லேசான சுருக்.

இன்று காலையிலிருந்து ஒரு முறைகூடச் சத்தம் போடவில்லை. பால் பொங்கி வழிந்தது, போடவில்லை. கேஸ்காரர் நாளைக்கு வருகிறேன் என்றார், போடவில்லை. மகள் எதிரில் நடந்ததால்தான் இதையெல்லாம் குறிப்பிடுகிறேன். அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் உலகம்மாள் என் நெற்றியில் இடது கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். மிளகாய்க்கு நல்ல வெயில்.

10.20. சம்பந்தியம்மா ஒரு பையோடு வந்து இறங்கினார். பிரசவம் முடியும் வரை இருப்பாராம். பேசினால் பக்கத்தில் இருப்பவரே காதைக் கூர்மையாக்க வேண்டும். "அண்ணாச்சி, நீங்களா சமைக்கிய? ஐயோ பாவம்" என்றார். இந்தக் குரலிலேயே ஒருவரை எப்படி ஐயோ பாவம் ஆக்க முடிகிறது என்று வியந்தேன்.

கையோடு ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணமும் கொண்டுவந்திருக்கிறார். சேனைக்காம். துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

கைப் பரிசோதனை: எரிச்சல் அறவே இல்லை. என் கை சுத்தம். ஆனால் இந்தத் தகவல் யாருக்கும் தேவைப்படவில்லை.

மே 6, செவ்வாய்

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒழுங்காக, நேரப்படி எழுத வேண்டும். மறைக்காமலும் எழுத வேண்டும்.

காலை 7.15. மாடிக்குப் போனேன். எனக்கு முன்னால் சம்பந்தியம்மா போயிருந்தார். வீட்டில் சும்மா இருக்க அவருக்குக் கூச்சமாம். மோர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டு, மிளகாயை அள்ளி அள்ளிப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். எண்ணெய் இல்லை. கரண்டி இல்லை. வெறுங்கை.

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். "சம்பந்தியம்மா, கை எரியும்" என்று மூன்றே சொல். அப்போது கீழே பேப்பர் வந்து விழுந்த சத்தம் கேட்டது. பேப்பரை எடுக்கப் போய்விட்டேன்.

பேப்பரை எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. நான் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். ராசிபலனும் படித்தேன்.

9.40. மகளுக்கு வலி எடுத்தது. எட்டு நாள் முன்னதாகவே. ஆட்டோ வந்து வாசலில் நின்றது. உலகம்மாளும் சம்பந்தியம்மாவும் மகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேற்கே குற்றால மலைப் பக்கம் கருகருவென்று திரண்டு, பொட்டு பொட்டென்று விழ ஆரம்பித்தது. கோடைமழை.

மாடியில் மிளகாய்.

"அது கெடந்துட்டுப் போகுது, வந்து ஏறுங்க!" என்று உலகம்மாள் கூப்பிட்டாள். நான் ஏற்கெனவே மாடிப்படியில் இருந்தேன். ஐந்து நாள் காய்ந்தாயிற்று, இன்னும் ஒரே வெயிலில் பதமாகிவிடும். பிள்ளை கேட்டது இது ஒன்றுதான். நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். கரண்டியைத் தேட நேரமில்லை. இரண்டு கையாலும் வாரி வாரிச் சுளகில் போட்டு, அந்த முறத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி, உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி, ஆட்டோவில் ஏறினேன். மொத்தம் நாலு நிமிடம். பணியில் இருந்த காலத்தில்கூட இந்த வேகத்தில் எதையும் மீட்டதில்லை.

மகள் வலியோடு வலியாக, "எப்பா, மிளகா நனைஞ்சிட்டா?" என்று கேட்டாள். "ஒண்ணுகூட நனையல தாயி" என்றேன்.

11.00. மகளை உள்ளே கொண்டு போனார்கள். கிளம்பிவிட்டதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். வர ராத்திரி ஆகும்.

11.20. சம்பந்தியம்மா கையை ஊதிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பால் விசிறினார். குழாயடிக்குப் போய்க் கழுவினார். திரும்பி வந்து இன்னும் வேகமாக ஊதினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நிலையிலும் குரலை உயர்த்தவில்லை. "என்னன்னே தெரியல மதினி, கை தீயாட்டம் காந்துது" என்று உலகம்மாளிடம் மெதுவாகச் சொன்னார்.

பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"சம்பந்தியம்மா, காலையில நீங்க வெறுங்கையோட மிளகாயில கைய வச்சத நான் பாத்தேன். பாத்துட்டுச் சொல்லல. சொல்லியிருக்கணும். தப்பு என் பேருலதான்."

"அதனால என்ன அண்ணாச்சி, மறந்திருப்பிய."

"மறக்கல. வேணும்னேதான் சொல்லல. ஒங்க கை எரிஞ்சா சேனை எனக்கு வரும்னு ஒரு நப்பாசை."

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அப்படி. அறுபத்தோரு வயதில் இப்படி ஒரு வாக்குமூலம் கொடுப்பேன் என்று நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. உலகம்மாள் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

11.35. எதிர்க் கடையில் தேங்காயெண்ணெயும் சோப்பும் வாங்கி வந்தேன். குழாயடியில் சம்பந்தியம்மாவை நிறுத்தி, தள்ளி நின்று கட்டளை கொடுத்தேன். "தண்ணி தொடக் கூடாது! எண்ணெய்! நகக்கண்ணு! விரல் இடுக்கு! இன்னும் தேயுங்க! இப்ப சோப்பு!" மூன்று சுற்று. அந்தப் பக்கம் போன ஒரு நர்சம்மா, யாருக்காவது உடம்பில் தீப்பிடித்துவிட்டதா என்று ஓடி வந்துவிட்டார்.

"இப்ப பரவால்ல அண்ணாச்சி" என்றார். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இன்னைக்கு முழுக்க அது போகாது. எனக்கு அனுபவம் இருக்கு" என்றேன்.

1.10. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். அழுகைச் சத்தம் இரண்டு சுவர் தாண்டிக் கேட்டது. "யாரும் சேனை வைக்கதுக்கு முன்னாடியே அப்படியே தாத்தா" என்றார் சம்பந்தியம்மா.

2.30. எங்களை உள்ளே விட்டார்கள். பிள்ளை என் மகள் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடந்தது. அதன் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் அதற்கெல்லாம் பழக்கமில்லை.

சம்பந்தியம்மா விஷயத்தைச் சொன்னார். என் வாக்குமூலத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். மகள் என்னையே பார்த்தாள். பிறகு, "எப்பா, அப்ப நீங்களே வைங்க" என்றாள்.

"நானா? என் கோவம் புள்ளைக்கு வந்துராதா?"

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "கேட்டுட்டியளா? ... வந்தா வந்துட்டுப் போகுதுப்பா. வலியில துடிச்சிக்கிட்டு இருக்கேன், நீங்க மிளகாய மீட்கப் போறிய. இந்தக் கோட்டிக் கிறுக்கும் கொஞ்சம் வேணுந்தான் புள்ளைக்கு."

இந்த வார்த்தைக்காகப் பத்து நாளாக நகம் வெட்டி, விரலை நக்கி, கேஸ்காரரைக்கூடத் திட்டாமல் இருந்தேன். வெள்ளிக் கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பால் இருந்தது. விரலை நீட்டினேன்.

நீட்டியபோதுதான் விரல் நுனி காந்தியது. மாடியில் இரண்டு கையாலும் வாரிய மிளகாய். பாழாய்ப்போன மழை. ஆட்டோ, வாக்குமூலம் என்ற அமளியில் என் கையை நானே மறந்துபோனேன். திரும்பிக்கொண்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். தீ.

ஒரு சொட்டுதானே, உதட்டில் பட்டும் படாமலும் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். பிறகு அந்த இரண்டு சொம்பு தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது.

"நான் வைக்கக் கூடாது. கையில காரம் இருக்கு. உங்கம்மா தயிர்சோறு சாப்பிட்ட கதையா ஆயிரும்."

உலகம்மாள் நிமிர்ந்தாள். "அது ஒங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு சொம்பு தண்ணி குடிச்ச. வாயெல்லாம் எரிஞ்சிருக்கும். ஏன்ளா ஒரு வார்த்த சொல்லல?"

"மொதத் தடவையா ஊட்டி விட்டிய. அதைப் போயி என்னத்தச் சொல்ல?" என்றாள்.

அவள் மாவுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் நான் அந்த விரல்களைப் பார்த்தேன். பத்து நாளாக எதையும் தொடாத விரல்கள். மிளகாயைத் தொடவில்லை, மோரைத் தொடவில்லை, பாயைத் தொடவில்லை. பிள்ளை பெற்றவளை விட்டால், இந்தக் குடும்பத்தில் காரம் படாத வலது கை அது ஒன்றுதான்.

கை ஒரு பக்கம் இருக்கட்டும். என் சுடலைமுத்து மாமா குணத்தோடு முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். பொறுமை வேண்டும், பொறுமை வேண்டும் என்று வள்ளியூர் வரை தேடினோமே! சேனை யார் வைப்பது என்று பத்து நாள் நான் எனக்குள்ளேயே பேசினேன், மகள் பேசினாள், மாப்பிள்ளை பேசினார். அவளை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"உலகு, நீ வை" என்றேன்.

"நானா?" என்றாள். "என்னையத்தான் யாரும் கேக்கவே இல்லியே."

மகள் "எம்மா..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். நர்சம்மா பஞ்சில் மருந்து தொட்டு அந்த விரல்களைத் துடைத்துவிட்டார். சம்பந்தியம்மா கிண்ணத்தை நீட்டினார். மாவுக்கட்டின் கனம் தாங்காமல் கை ஆடியதால் நான் முழங்கைக்கு அடியில் தாங்கிக்கொண்டேன். கட்டின் மேல்தான் பிடித்தேன். அவள் ஆள்காட்டி விரலால் ஒரு சொட்டைத் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ஒரு சப்புச் சப்பியது.

உலகம்மாள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. என் கண்ணும் எரிந்தது. இன்று நான் கையைக் கண்ணில் வைக்கவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மே 11, ஞாயிறு

முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மோர் மிளகாய் அருமையாக வந்திருக்கிறது. எண்ணெயில் பொரித்தால் தெரு முழுக்க மணக்கிறது. மகள் ஒன்றைக்கூடத் தொட முடியாது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாம், இன்னும் நாற்பது நாளைக்குக் காரமே ஆகாதாம். இதை முன்கூட்டியே எனக்கு யாரும் சொல்லவில்லை. சம்பந்தியம்மா கால்வாசியை ஊருக்குக் கட்டி எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் கொடுத்தேன், அவருடைய புளியை மறக்காமல் ஞாபகப்படுத்திவிட்டு.

8.30. டப்பாவிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துப் பதம் பார்த்தேன். அப்போது தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. தூக்கலாம் என்று போனேன்.

"கைய வச்சிராதிய!"

உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்த மகள் வெளியே ஓடி வந்துவிட்டாள். தெருவில் ஐஸ்காரர் வண்டி நின்றது. நான்தான் கத்திவிட்டேனோ என்று ஒரு நொடி எனக்கே சந்தேகம். இல்லை. உலகம்மாள், மாவுக்கட்டை ஓங்கிக்கொண்டு நின்றாள்.

"மிளகாயத் தொட்ட கையோட புள்ளகிட்ட வாரியளே, புத்தி இருக்கா? எண்ணெயத் தேச்சி, மாவு போட்டு, சோப்புப் போட்டு, மூணு தடவ கழுவிட்டு அப்புறமா இந்தப் பக்கம் தல காட்டுங்க!"

முப்பத்தோரு வருடத்தில் இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பொறுமைசாலி என்றுதானே சேனை வைக்கச் சொன்னோம்! பிள்ளை அவளுக்குப் போட்டியாக வீறிட்டது. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

8.35. எண்ணெய் தேய்த்தேன். மாவு போட்டுத் துடைத்தேன். சோப்புப் போட்டேன். மூன்று முறை.

8.55. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். பிறகு உலகம்மாளிடம் போய் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், நகக்கண்ணைப் பார்த்தாள். "ம்" என்றாள். பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தாள் மகள்.

நிலைமை என் கட்டுக்குள் இல்லை. பிள்ளை என் கையிலேயே தூங்கிவிட்டது, அதனால் மீதியைப் பிறகு எழுதுகிறேன்.